வைன் என்னும் பெயரும் தென் பிரான்சின் சிறு தோட்டக்காரரும்

பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலே, இத்தாலிய எல்லைக்கும் ஸ்பானிய எல்லைக்கும் இடையே, மத்தியதரைக் கடலை நோக்கிச் சரிந்து கிடக்கும் நிலப்பரப்பு முந்திரிகைச் செய்கைக்குப் பேர்போனது. றோன் நதிக்குக் கிழக்கே உள்ளது புறோவான்சு. மேற்கே உள்ளது லாங்குடொக். அதற்குந் தெற்கே, பிரனீசு மலையின் அடிவாரத்தில் உள்ளது ரூசியோன். மார்செயிற் குடியேறிய கிரேக்கர் காலந்தொட்டு அங்கே முந்திரிகை பயிராகி வருகின்றது. (தமிழகத்தார் திராட்சை என்பதனை யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்றே வழங்குவர்; யானும் அவ்வழக்கையே மேற்கொள்கின்றேன்.) அந்நிலத்திலே சிறு தோட்டம் ஒன்றைத் தாமே உழுது, பழத்தைத் தாமே பறித்து, சாற்றைத் தாமே வைனாக்கித் தம் பெயரிட்டு விற்கும் குடியானவர் பலர் உளர். அவருள்ளும் இரசாயனப் பசளையையும் செயற்கைக் கிருமிநாசினியையும் அறவே விலக்கி நிற்போர் ஒருசாரார். அவர்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

மதுவுண்ணும் வழக்கமில்லாத தமிழ் வாத்தியார் ஒருவருக்கு இவ்விடயத்தில் என்ன அக்கறை என வாசகர் வினவலாம். சொல்லின்மேல் உள்ள அக்கறையே என்பேன். ஒரு குப்பியின்மேல் ஒட்டிய சிறு தாளில் எந்தச் சொல்லை எழுதலாம், எதனை எழுதலாகாது என்பது பற்றி அந்நாட்டில் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பெரும் வழக்கு நடந்து வருகின்றது. அவ்வழக்கிலே துப்பாக்கி வெடித்திருக்கின்றது, உயிர் போயிருக்கின்றது, அரசு சட்டம் இயற்றியிருக்கின்றது. சொற்பொருள் ஆராய்ச்சி ஏட்டளவில் நிற்பது என்று எண்ணும் மாணவர் இதனை அறிதல் நன்று.

வைன் என்பதைக் கள் எனவோ சாராயம் எனவோ பெயர்த்தல் பொருந்தாது. ஆதலின் அச்சொல்லை அவ்வாறே ஆளுகின்றேன். எனினும் அது உண்டாகும் முறையை நம்மவர்க்கு விளக்கப் பனையே போதும். முட்டியில் வடியும் பதநீர் தானே பொங்கிக் கள்ளாகின்றது; ஒருவரும் ஒன்றும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் அதனைச் செய்கின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் நின்று கருப்பநீர் கிடைக்கின்றது. முந்திரிகையும் அவ்வாறே. பழத்தோலின்மீதும் சாலையின் சுவரிலும் மதுவம் உண்டு. பழத்தை நசுக்கி வைத்தாற் சாறு தானே நொதிக்கும். அதன்பின் அது புளித்துக் காடியாகாமல் தடுக்கச் சிறிதளவு கந்தகம் சேர்ப்பது நெடுங்கால வழக்கு. இவ்வளவே வைன். ஆனால் இவ்வளவோடு நில்லாமற் போனதே வழக்கின் தொடக்கம்.

1863ஆம் ஆண்டளவில் றோன் நதிக்கரையை அடுத்த ஊர்களிற் கொடிகள் காரணம் புலப்படாது வாடலாயின. 1868இல் மொன்பெலியே நகரத்துத் தாவரவியலறிஞர் பிளான்ஷோனும் அவர் தோழரும் வேர்களைத் தோண்டி நோக்கி, அழுக்கணவனை ஒத்த நுண்ணிய பூச்சியொன்று வேரின் சாற்றை உறிஞ்சுவதைக் கண்டனர். பிலொக்சரா எனப்படும் அப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. தேசத்தின் பெரும்பகுதித் தோட்டங்களை அது அழித்தது. மருந்து அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்நாட்டுக் கொடியின் வேர் அப்பூச்சிக்கு அஞ்சாதாகலின், அவ்வேர்க்கட்டையிற் பிரெஞ்சுக் கொடியை ஒட்டி நட்டனர். இன்றும் அவ்வாறே நடுகின்றனர்.

தோட்டம் அழிந்த காலத்திலும் குடிப்போர் குறையவில்லை. ஆகவே உலர்ந்த முந்திரிகை வற்றலை நீரில் ஊறவைத்தும், பிழிந்த சக்கையிற் சீனியும் நீரும் கலந்தும், வைன் என்னும் பெயரோடு விற்கலாயினர். 1889ஆம் ஆண்டின் கிரிப் சட்டம், புதிய முந்திரிகைப் பழம் நொதித்து உண்டாவதன்றிப் பிறிதெதனையும் வைன் என்ற பெயரால் விற்றலாகாது என விதித்தது. இலக்கண நூலார் ஒரு சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறுவதுபோல அரசு கூறிய இலக்கணம் அது. ஆயின் விதி இருந்தது, காவல் இல்லை. இதற்கிடையே லாங்குடொக்கின் சமவெளிகளில் அரமோன் என்னும் வகையை மிகுதியாக நட்டனர். ஒரு ஹெக்டேயரில் 20,000 லீற்றருக்கு மேலும் தரவல்ல கொடி அது. நீர்த்த வைனே தரும். உண்மை வைனும் மிகுந்தது. போலி வைனும் மிகுந்தது. 1900ஆம் ஆண்டின் பின் விலை விழுந்து, விளைவித்தோர் உற்பத்திச் செலவையும் பெறாது கடனில் மூழ்கினர்.

1907 மார்ச்சு 11ஆம் நாள், அர்ஜெலியே என்னும் சிற்றூரிலிருந்து 87 தோட்டக்காரர் நார்போன் நகருக்கு நடந்து சென்றனர். அவர்தம் தலைவர் மார்செலின் அல்பேர். சிறிய தேநீர்க்கடை போன்றதோர் அருந்தகமும் சிறிது தோட்டமும் உடையவர். அவர்கள் வேண்டியது மானியம் அன்று. சீனிநீரை வைன் என்று அழைப்பதை நிறுத்துக என்பதே. ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊரிற் கூடிய கூட்டம் பெருகிப் பெருகி, சூன் 9ஆம் நாள் மொன்பெலியேயில் ஐந்து இலட்சத்துக்குக் குறையாத மக்கள் திரண்டனர். நார்போன் நகர முதல்வர் பெரூல் பதவியைத் துறந்தார். நூற்றுக்கணக்கான ஊர் முதல்வர்கள் அவரைப் பின்பற்றினர். பிரதமர் கிளெமென்சோ படையை ஏவினார். சூன் 19ஆம், 20ஆம் நாள்களில் நார்போனில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து சிலர் உயிரிழந்தனர். செய்தி கேட்ட 17ஆம் காலாட்படையினர் — அவர்கள் அந்நாட்டுத் தோட்டக்காரரின் புதல்வர்கள் — ஆணையை மீறி, ஆயுதத்தோடு இரவோடிரவாக நடந்து பெசியே நகரிற் புகுந்து மக்களோடு அமர்ந்தனர். பின்னர் அவர்கள் துனீசியப் பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டனர்.

அல்பேரின் கதை இரங்கத்தக்கது. பொலிசாருக்கு ஒளிந்து திரிந்த அவர் தனியே பாரிசு சென்று கிளெமென்சோவைக் கண்டார். பிரதமர் கனிவாகப் பேசி, ஊர் திரும்பப் புகைவண்டிச் செலவுக்கென நூறு பிராங்கு நோட்டு ஒன்றைக் கொடுத்து, அச்செய்தியைப் பத்திரிகையாளரிடமும் கூறிவிட்டார். நூறு பிராங்குக்கு விலைபோனவர் என்று சொந்த மக்களே அவரை வெறுத்தனர். 1921இல் வறியவராகவே இறந்தார். ஆயினும் அவர் கேட்டது கிடைத்தது. 1907 சூன் 29ஆம் நாட் சட்டம் நீர் கலத்தலைத் தடுத்தது. சீனிக்கு வரி விதித்தது. ஒவ்வொருவரும் தம் நிலத்தின் அளவையும் விளைவையும் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. அப்பத்திரம் இன்றும் எழுதப்படுகின்றது.

இது நிற்க. விலைவீழ்ச்சியிற் சிக்கிய சிறியோர் கூடிப் பிழைக்கும் வழியை முன்னரே நாடியிருந்தனர். மரோசன் என்னும் ஊரில் 1901இல் தொடங்கிய கூட்டுறவு, தனக்கெனச் சாலையும் கட்டியது. பின்னர் ஊருக்கொரு கூட்டுறவுச் சாலை எழுந்தது. அவை பல்லாயிரம் குடும்பங்களைக் காத்தன என்பதை மறுத்தல் நன்றியின்மை. ஆனால் அங்கே பழத்துக்கு நிறையும் இனிப்பும் அளந்தே விலை. மலைச்சரிவில் ஐம்பதாண்டு நின்ற கரிஞான் கொடியின் பழமும், சமவெளியில் நீர் குடித்துப் பருத்த பழமும் ஒரே தொட்டியில் வீழ்ந்தன. மலைச்சரிவுக்காரர் சிலர் தம் பழத்தைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பினர். தம் தோட்டத்திலே விளைத்து, தம் சாலையிலே வடித்துக் குப்பியில் அடைத்து விற்போருக்கென 1978இல் தேசிய அளவிற் சங்கமொன்று அமைந்தது. பீப்பாயைத் தோளிற் சுமந்து செல்லும் ஒருவன் அதன் சின்னம். சுதந்திரமான வைன் செய்வோர் என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொள்கின்றனர்.

அச்சுதந்திரத்துக்கு இடையூறு வந்தது போலியிடமிருந்து அன்று, விதியிடமிருந்து. 1935ஆம் ஆண்டு முதற் பிரான்சிலே ஊர்ப்பெயரைக் குப்பியில் எழுதுதற்குக் கட்டுப்பாடு உண்டு. இன்ன எல்லைக்குள், இன்ன வகைக் கொடியை, இன்ன விகிதத்தில் நட்டவரே அவ்வூர்ப் பெயரை ஆளலாம். பெயரைத் திருடுவோரைத் தடுக்க எழுந்த இந்நல்விதி, காலப்போக்கிற் சில நல்லோரையும் வெளியே நிறுத்தியது. மொன்பெலியேக்கு அண்மையில் உள்ள அனியான் என்னும் ஊரிலே, கையுறை வணிகக் குடும்பத்தவரான ஏமே கீபேர் ஒரு பழம் பண்ணையை வாங்கினார். போர்தோ நகரத்துப் பேராசிரியர் ஒன்ஜல்பேர் அம்மண்ணைக் கண்டு, சிறந்த வைனுக்கு ஏற்றது என்றார். இரசாயனப் பசளை இன்றிக் கபர்னே சொவிஞ்ஞோன் என்னும் வகையை நட்டு, 1978இல் முதல் வைனைக் கண்டனர். அவ்வகை அந்நிலத்தின் பட்டியலில் இல்லை. ஆகவே உலகம் புகழ்ந்த அவ்வைன், தாழ்ந்த வகுப்பாகிய நாட்டு வைன் என்ற பெயரோடே விற்கப்பட்டது. 2001ஆம் ஆண்டளவில் மொண்டாவி என்னும் அமெரிக்க நிறுவனம் அதே ஊரின் குன்றுக்காட்டை வெட்டித் தோட்டமிட முயன்றபோது, ஊரார் தேர்தலில் அதற்கு உடன்பட்ட நகர முதல்வரை விலக்கினர், நிறுவனமும் விலகியது. கீபேர் 2016இற் காலமானார்.

புறோவான்சிலே திரெவலோன் என்னும் பண்ணையின் வரலாறு இன்னும் கூர்மையானது. எலுவா டியூர்பாக் என்பவர் 1970களின் தொடக்கத்தில் அல்பீல் குன்றுகளின் வடக்கே பாறையை உடைத்து, கபர்னேயும் சீராவும் சரிபாதியாக நட்டார். பிலொக்சரா வருமுன் அப்பக்கத்தில் இவ்விரண்டையும் சேர்த்து நட்டனர் என்பது பழைய நூலொன்றிற் கண்ட செய்தி. தொடக்கம் முதலே செயற்கைப் பசளையும் நஞ்சும் அவர் தொடவில்லை. சில ஆண்டு ஊர்ப்பெயரை ஆளவும் செய்தார். 1990களின் நடுப்பகுதியில் விதி இறுகி, கிறெனாஷ் என்னும் வகையும் நடவேண்டும், கபர்னே குறையவேண்டும் என்றது. தம் வடசரிவில் கிறெனாஷ் பழுக்காது என்று அவர் மறுத்துவிட்டார். ஊர்ப்பெயர் போயிற்று, வைன் மாறவில்லை. அவர் 2021இல் மறைந்தார். பண்ணையை மக்கள் நடத்துகின்றனர். எனக்கு இங்கே விதிகாரர்மேற் கோபமில்லை. வழூஉச்சொல்லைத் தடுக்கும் இலக்கணம் சில வேளை வழக்கையும் தடுத்துவிடும் என்பதைப் பண்டிதர் மரபில் வந்தோர் அறியாதவரல்லர்.

இனிச் சேதனச் செய்கையைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் பின் 'சேதனம்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் நாட்டு உழவர் முகஞ்சுளிப்பர். இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்தி, அவ்வாண்டு முடியுமுன்னரே அதனை மீளப்பெற்ற கதை அவர்களுக்கு மறக்கவில்லை. தென் பிரான்சில் நிகழ்ந்தது அதுவன்று. ஒவ்வொருவரும் தாமே துணிந்து, மூன்றாண்டு மாறுகாலத்தைக் கழித்து, ஆய்வாளர் வந்து பார்த்தபின்னரே அச்சொல்லைப் பெறுகின்றனர். அந்நிலமும் அதற்குத் துணை. வடமேற்கிலிருந்து வீசும் உலர்காற்று இலையின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சணத்தை அடக்குகின்றது. போஜேர் பகுதியில், தகடு தகடாக உடையும் பாறைச் சரிவிலே, டிடியே பரால் என்பவர் மாரிகாலத்தில் மாடுகளைக் கொடிகளினூடே மேயவிடுகின்றார். புல்லை மாடு தின்கின்றது, சாணம் மண்ணிற் சேர்கின்றது, மண்புழு பெருகுகின்றது. பசளை மூட்டைக்கு அங்கே வேலையில்லை.

பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு அவர்கள் செய்யும் உபாயம் சுவையானது. பெண் அந்தின் மணத்தை ஒத்த பொருளைச் சிறு குழல்களில் அடைத்துத் தோட்டமெங்கும் தொங்கவிடுவர். எங்கும் அம்மணமே வீசுதலின் ஆண் அந்து தன் துணையைக் காணாது அலைந்து ஒழியும். ஆனால் இரண்டொரு பரப்பில் மட்டும் இதனைச் செய்தாற் பயனில்லை. அயலாரும் சேர்ந்து பரந்த வெளியிற் கட்டவேண்டும். சுதந்திரக்காரருக்கும் வேலிக்கு அப்பால் உள்ளவர் தயவு வேண்டியிருக்கின்றது.

எல்லாம் தூய்மை என்று கூறல் முடியாது. பூஞ்சணத்துக்கு அவர்கள் தெளிப்பது துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த போடோக் கலவை. நம் ஊர்த் தோட்டக்காரரும் அறிந்ததே. மருந்துக்கடையின் புதிய நஞ்சுகளைப் போலன்றி இது சேதனச் செய்கைக்கு அனுமதிக்கப்பட்டது. ஆயினும் செம்பு மண்ணில் அழியாது தங்கும். மிகுந்தால் மண்புழுவுக்கும் தீது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஏழாண்டில் ஹெக்டேயருக்கு 28 கிலோகிராமுக்கு மேல் செம்பு தெளிக்கலாகாது என வரையறுத்துள்ளது. மழை மிக்க ஆண்டுகளில் அவ்வரம்புக்குள் நின்று பயிரைக் காப்பது கடினம். 2018இல் லாங்குடொக்கிலே பலர் விளைவை இழந்தனர். இக்குறையை மறைத்துச் சேதனத்தைப் புகழ்வோர் அத்தோட்டக்காரருக்கே தீங்கு செய்கின்றனர்.

மீண்டும் பெயருக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவிலே 'சேதன வைன்' என்று குப்பியில் எழுத இடமில்லை. 'சேதன முறையில் விளைந்த முந்திரிகையிலிருந்து செய்த வைன்' என்றே எழுதவேண்டும். வேற்றுமை உருபுகளிலே ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது: பழத்துக்கு விதி உண்டு, சாலையினுள் நிகழ்வதற்கு விதி இல்லை. அவ்வாண்டு விதி வந்தது. சிவப்பு வைனில் லீற்றருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம் எனப்பட்ட சல்பைற்று, சேதன வைனில் 100 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும் கடையில் வாங்கிய மதுவமும் வேறு பல சேர்பொருள்களும் அனுமதிக்கப்பட்டே உள்ளன. இது போதாது என்றோர் தம் வைனை 'இயற்கை வைன்' என்றனர். அச்சொல்லுக்கோ சட்டத்தில் இலக்கணமில்லை. எவரும் எழுதலாம் என்றாயிற்று. 2020இல் அரசு அலுவலகங்களின் இசைவோடு 'இயற்கை முறை வைன்' என்னும் சொற்றொடர் வரையறை பெற்றது. சேதனச் சான்று பெற்ற பழம், கையாற் பறித்தல், சாற்றோடு வந்த மதுவமே நொதிக்கச் செய்தல், ஒன்றும் சேர்க்காமை, அன்றேல் நொதித்தபின் 30 மில்லிகிராமுக்குக் குறைந்த சல்பைற்று மட்டும் சேர்த்தல். கந்தகம் துளியும் கூடாது என்று சாதிப்போர் வாதம் எனக்கு உடன்பாடன்று. காடியாய்ப் போன வைனைத் தூய்மையின் பெயரால் விற்பதும் ஒருவகைப் போலியே.

எனக்கு வியப்பளித்தது ஒன்று: தின்பண்டப் பொதிகளிலெல்லாம் உள்ளடக்கம் எழுதப்படும் ஐரோப்பாவிலே, வைனுக்கு அவ்விதி 2023 திசெம்பர் 8ஆம் நாள் தொடக்கமே வந்தது. அதுவும் கைத்தொலைபேசியாற் படிக்கும் சதுரக் குறியிலே பட்டியலை அடக்கிவிடலாம். 'முந்திரிகை' என்ற ஒரே சொல்லோடு பட்டியல் முடிந்துவிடும் தோட்டக்காரர் சிலர் அதனை மகிழ்ந்து வெளிப்படையாக அச்சிடுகின்றனர்.

மொன்பெலியே நகரில் சனவரிதோறும் சேதன வைன்காரரின் பெருஞ்சந்தை கூடுகின்றது. 1993இல் லாங்குடொக்கின் சில தோட்டக்காரர் தொடங்கியது அது. பெரிய பண்ணைக்கும் சிறிய தோட்டத்துக்கும் ஒரே அளவான மேசை; அதன்மேல் ஒரே வெள்ளை விரிப்பு; அலங்காரப் பந்தல் இல்லை. பிரான்சின் முந்திரிகை நிலத்தில் 2022ஆம் ஆண்டளவில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சேதன முறைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன்பின் அலை திரும்பியுள்ளது. பிரெஞ்சு மக்கள் வைன் அருந்துவது ஆண்டுதோறும் குறைகின்றது, செலவு ஏறுகின்றது, சான்றிதழைக் கைவிட்டோரும் உளர். பழங்கொடியுள்ள மலைச்சரிவிலே ஒரு ஹெக்டேயரில் 2,000 அல்லது 3,000 லீற்றரே பெறுபவருக்கு, குப்பியின் விலை சிறிது தளர்ந்தாலும் குடும்பம் தளரும்.

வானமும் பகையாயிற்று. 2019 சூன் 28ஆம் நாள் மொன்பெலியேக்கு அண்மையில் வெப்பம் 46 பாகை செல்சியசு எனப் பதிவாயிற்று; பிரான்சில் முன்னெப்போதும் காணாதது. நெருப்புக் காட்டியதுபோல இலையும் காயும் ஒரே நாளிற் கருகின. 2021 ஏப்பிரிலில் உறைபனி இளந்தளிரை எரித்தது. 2024ஆம் ஆண்டில் அரசு, தோட்டத்தை நிலையாகப் பிடுங்கிவிடுவோருக்கு ஹெக்டேயருக்கு 4,000 யூரோ தர முன்வந்தது. முதியோர் பலர் ஏற்றனர். ஏலாது என்று அவரைக் கூற எனக்கு வாய் வரவில்லை.

2025 ஆகத்து 5ஆம் நாள் கோர்பியேர் குன்றுகளிலே ரிபோத் என்னும் ஊரருகே தீ மூண்டது. காற்றோடு ஓடிய அத்தீ ஏறத்தாழ 16,000 ஹெக்டேயரை எரித்தது. பசிய கொடிகளும் உழுத வெறுமண்ணும் உள்ள தோட்டம் தீயைத் தடுத்து நிறுத்துவது அந்நாட்டார் தலைமுறையாக அறிந்தது. கொடி பிடுங்கிய நிலத்திலோ புதரும் உலர்புல்லும் மண்டிக் கிடந்தன. அவ்விடங்களில் தீ தங்குதடையின்றிச் சென்றது என்று ஊரார் முறையிட்டனர். எரியாது தப்பிய தோட்டங்களிலும் புகைமணம் பழத்தில் ஏறியிருக்குமோ என்ற அச்சம் அறுவடை வரை நீடித்தது. பிடுங்கியோர் மீண்டும் நடுவரோ என்பது இப்போது அங்கே நிகழும் பேச்சு. புதிதாக நட்ட கொடியின் பழத்துக்கு மூன்றாண்டு காத்திருக்கவேண்டும். அவர்களிற் பெரும்பாலோர் அறுபது வயதை அணுகியவர்கள்.